பெரிய வார்த்தையும் சின்ன வார்த்தையும்

இங்கிலீஷ் பாடப் புத்தகங்களில் ஒரு பட்டியல் உண்டு. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் நாலைந்து எழுத்துச் சொற்களையும், வலது பக்கம் அதே அர்த்தம் என்று சொல்லப்படும் நீண்ட சொற்களையும் அச்சிட்டிருப்பார்கள். பிகின் என்றால் கமென்ஸ். பை என்றால் பர்ச்சேஸ். ஹைட் என்றால் கன்ஸீல். ஆஸ்க் என்றால் இன்டராகேட். இடது பக்கத்துச் சொல்லை எழுதுகிற பையன் பாஸாவான். வலது பக்கத்துச் சொல்லை எழுதுகிற பையனின் கட்டுரையை வாத்தியார் வகுப்பில் உரக்கப் படிப்பார். நம்மில் முக்கால்வாசிப் பேர் இங்கிலீஷ் கற்றது இப்படித்தான்.

அந்தப் பட்டியலால் மனு எழுத வந்தது, உத்தியோகம் கிடைத்தது. அதையெல்லாம் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் இங்கிலீஷ் நாவல்களைப் பொறுத்தவரை அது நம்மை மோசமான வாசகர்களாக்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம். வலது பக்கத்துச் சொல் உயர்ந்தது, இடது பக்கத்துச் சொல் தாழ்ந்தது என்ற எண்ணம் ஒருதரம் உள்ளே போய்விட்டால், நாவலாசிரியன் எந்தப் பாத்திரத்தின் வாயில் எந்தச் சொல்லை வைத்திருக்கிறான் என்பது காதில் விழாமலே போய்விடுகிறது. கடினமான சொற்கள் நிறைய வந்தால் 'நல்ல நடை' என்கிறோம். வராவிட்டால் 'எளிய நடை' என்று கொஞ்சம் இரக்கத்தோடு சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போகிறோம்.

ஒரே அர்த்தமுள்ள இரண்டு சொற்கள் எந்தப் பாஷையிலும் கிடையாது. தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர், ஜலம், தீர்த்தம், புனல் நாலும் ஒரே குடத்தில் இருப்பவைதான். தாகத்துக்குக் கேட்பது ஒன்று. கோயிலில் கை குவித்து வாங்குவது ஒன்று. ஜலம் என்று கேட்டால் கேட்பவர் எந்த வீட்டுக்காரர் என்று அநேகமாக ஊகித்துவிடலாம். யாராவது திண்ணையில் உட்கார்ந்து, குடிக்கப் புனல் வேண்டும் என்றால் அவர் தமிழ்ப் புலவராக இருக்க வேண்டும், அல்லது உடம்பு சரியில்லாதவராக இருக்க வேண்டும். தமிழில் இவ்வளவு கூர்மையாக இருக்கிற காது இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்ததும் மந்தமாகிவிடுகிறது.

இங்கிலீஷில் இந்த வேற்றுமைக்குப் பின்னால் ஒரு யுத்தம் இருக்கிறது. 1066ல் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தை ஜெயித்தான். அதற்குப் பிறகு பல தலைமுறைகள் வரை அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சு, வயலிலும் அடுப்படியிலும் பழைய இங்கிலீஷ், மடங்களில் லத்தீன் என்று மூன்று பாஷைகள் ஒரே தேசத்தில் புழங்கின. ஸர் வால்டர் ஸ்காட் 1819ல் வெளியிட்ட 'ஐவன்ஹோ'வில் ஒரு விதூஷகன் இதைக் கேலி செய்கிறான்: பன்றியும் மாடும் மேய்கிறவரை நாட்டுப்புறப் பெயர், சமைத்து எஜமானனின் மேஜைக்கு வந்ததும் பிரெஞ்சுப் பெயர். ஸ்வைன் மேயும், போர்க் தட்டில் இருக்கும். சரித்திரம் இவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை. உயிருள்ள மாட்டையும் பீஃப் என்ற சொல்லால் வெகுகாலம் குறித்ததுண்டு. இருந்தாலும் விதூஷகன் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. பட்டியலில் இடது பக்கம் பெரும்பாலும் வேலை செய்தவர்களின் பாஷை. வலது பக்கம் வேலை வாங்கியவர்களின் பாஷை.

அதனால்தான் ஆஸ்க், கொஸ்சன், இன்டராகேட் என்ற மூன்றும் 'கேட்பது'தான் என்றாலும் மூன்று வேறு மனிதர்கள் கேட்கிறார்கள். சாப்பிட்டாயா என்று கேட்பது ஆஸ்க். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நிற்கும் வக்கீல் செய்வது கொஸ்சன். ஒரு தாய் தன் பிள்ளையை இன்டராகேட் செய்தாள் என்று ஒருவர் எழுதினால், அந்த வீட்டில் ஏதோ திருட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். நம் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இந்த மூன்று பேரும் வித்தியாசமில்லாமல் 'வினவுகிறார்கள்'.

இன்னொரு விஷயம். இங்கிலீஷில் பெரிய வார்த்தையைவிடச் சின்ன வார்த்தைதான் கஷ்டம். இதை ஒப்புக்கொள்ள நமக்கு வெட்கம். கிப்பனுடைய சரித்திரத்தைச் சிரமமில்லாமல் படித்துவிடுகிற பெரியவர், இரண்டு லண்டன் பிள்ளைகள் சண்டை போடுகிற ஒரு பக்கத்தில் நாலு இடத்தில் தடுக்கி விழுவார். அங்கே வருபவை எல்லாம் புட், கெட், செட், டேக். 'புட்' என்றால் வைப்பது என்று முதல் வகுப்பிலேயே தெரியும். ஆனால் அதே சொல்லோடு 'அப் வித்' சேர்ந்தால் சகித்துக்கொள்வது, 'ஆஃப்' சேர்ந்தால் தள்ளிப்போடுவது, 'பை' சேர்ந்தால் கையில் கொஞ்சம் காசு சேர்த்துவைப்பது. டாலரேட் என்ற நீண்ட சொல் பட்டியலில் இருந்ததால் நமக்கு முதலிலேயே தெரியும். 'புட் அப் வித்' பின்னால்தான் வந்தது.

இரண்டுக்கும் 'சகிப்பது' என்று அகராதி சொல்லும். ஆனால் டாலரேட் மேலே இருப்பவர் செய்வது: அரசாங்கம் வேறு மதத்தை டாலரேட் செய்யும், டாக்டர் உடம்பு மருந்தை டாலரேட் செய்கிறது என்பார். புருஷனுடைய குறட்டையை முப்பது வருஷம் பொறுத்துக்கொண்ட மனைவி செய்ததற்கு அந்தச் சொல் போதாது. அதற்குச் சின்ன வார்த்தைகள் மூன்று சேர்ந்தால்தான் சரி வருகிறது.

சாதாரணச் சொல்லுக்கு அர்த்தங்கள் அதிகம். அபூர்வச் சொல்லுக்குக் குறைவு. அமெரிக்கப் பேராசிரியர் ஜிப்ஃப் 1945ல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்: ஒரு சொல் எவ்வளவுக்கு அடிக்கடி வருகிறதோ அவ்வளவுக்கு அதன் அர்த்தங்களும் பெருகுகின்றன. 1989ல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிகவும் நீளமான பதிவு 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான். நானூறுக்கு மேல் அர்த்தங்கள். ஆகையால் சாதாரணச் சொல் தனியாக நிற்க முடியாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் பேசும். அபூர்வச் சொல் தன் அர்த்தத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்துவிடும், கூட யார் இருக்கிறார்கள் என்று கவலைப்படாது. டாக்டர் ஜான்ஸன் 1755ல் தம் அகராதியில் 'நெட்வொர்க்' என்ற எளிய சொல்லை விளக்க, அதைவிடக் கடினமான மூன்று லத்தீன் சொற்களைக் கொண்டுவந்தது இன்றுவரை கேலிக்கு ஆளாகியிருக்கிறது. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சின்னச் சொல்லைச் சின்னச் சொல்லால் விளக்கப் போனால் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றும்.

நாவலுக்கு வருவோம். இந்த வேற்றுமையை டிக்கன்ஸைப்போல் அனுபவித்துப் பயன்படுத்தியவர் யாருமில்லை. 'டேவிட் காப்பர்ஃபீல்டு' 1849, 1850ல் மாதாமாதம் வெளிவந்த நாவல். அதில் வரும் மிகாபரை அறியாதவர்கள் இருக்க மாட்டார்கள். கடன்காரர்கள் வாசலில் நின்று கத்துகிறார்கள். மனிதர் உள்ளே இருந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு, லத்தீன் சொற்களாக அடுக்கி ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார். பாதியில் தமக்கே தாங்காது. 'சுருங்கச் சொன்னால்' என்று நிறுத்தி, அதே விஷயத்தை நாலு சின்ன வார்த்தைகளில் போட்டு உடைத்துவிடுவார். சிறுவன் டேவிட்டை முதல்முதலாகப் பார்க்கும்போதே அப்படித்தான்: மாநகரத்தின் சிக்கல்களைப் பற்றிப் பெரிய பிரசங்கம் ஆரம்பித்து, கடைசியில் வழி தப்பிவிடுவாய், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பதில் முடிக்கிறார்.

பலர் இதை வெறும் வேடிக்கை என்று படித்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிகாபர் கையில் காசில்லாதவர். அவரிடம் மிச்சமிருக்கிற ஒரே சொத்து அந்தப் பெரிய வார்த்தைகள். அவற்றை வைத்துக்கொண்டுதான் அவர் கனவானாக இருக்கிறார். 'சுருங்கச் சொன்னால்' என்கிற இடத்தில் அந்தக் கனவான் நழுவி, கடன்பட்ட ஏழைக் குடும்பஸ்தன் எட்டிப்பார்க்கிறான். டிக்கன்ஸின் தகப்பனாரே 1824ல் கடனுக்காக மார்ஷல்ஸீ சிறையில் இருந்தவர். பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவன் பூட்ஸ் மை டப்பிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பாஷையை டிக்கன்ஸ் எங்கே கேட்டிருப்பார் என்று ஊகிப்பது சிரமமல்ல.

அதே நாவலில் யூரியா ஹீப் இருக்கிறான். அவன் பெரிய வார்த்தை பேசுவதில்லை. அவனுடைய வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: பணிவு. நான் பணிவானவன், என் தாயார் பணிவானவள் என்று, முதல் எழுத்தை விழுங்கிவிட்டு, கையைப் பிசைந்துகொண்டே சொல்லிக்கொண்டிருப்பான். எல்லோருக்கும் தெரிந்த, தேவாலயத்தில் தினம் கேட்கிற சொல். அதற்குள் அவ்வளவு விஷம். சின்ன வார்த்தை பேசுகிறவன் யோக்கியன், பெரிய வார்த்தை பேசுகிறவன் போலி என்று நினைத்துக்கொண்டு வருகிற வாசகரை டிக்கன்ஸ் இங்கே தலைகீழாக நிறுத்திவிடுகிறார். கடைசியில் ஹீப்பின் மோசடியை அம்பலமாக்குவதும் மிகாபர்தான். அதுவும் தம்முடைய அதே பெரிய வார்த்தைகளால், ஒரு நீண்ட கடிதத்தை எல்லோர் முன்னிலையிலும் வாசித்து. இத்தனை நாளும் காற்றில் பறந்த அந்தச் சொற்கள் அன்று ஒருநாள் குற்றப் பத்திரிகையாகிக் குறியில் தைக்கின்றன. அந்த இடத்தில் டேவிட்டே கதையை நிறுத்தி, மனிதர்களுக்குச் சொற்களை அடுக்குவதில் உள்ள மோகத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கிறான். டிக்கன்ஸ் தம்மையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொள்கிறார் என்று எனக்குப் படுகிறது.

மிகாபரைத் தமிழாக்க வந்தவர் என்ன செய்யலாம்? செந்தமிழ் ஒரு வழி. ஆனால் அது அவரை மேடைப் பேச்சாளராக்கிவிடும். இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவேண்டியது என்று ஆரம்பிக்கும் அந்தக் காலத்துக் கடிதங்கள் இருக்கின்றனவே, அந்தப் பாஷையை அவருக்குக் கொடுத்து, 'சுருங்கச் சொன்னால்' வந்ததும் கூடத்துப் பேச்சுக்கு இறக்கினால் சரியாக வரும் என்று தோன்றுகிறது. முழுதும் ஒரே நடையில் போட்டால் மிகாபர் செத்துப்போவார்.

பெரிய வார்த்தை பெரிய மனிதனுக்கு அடையாளம் என்ற நம்முடைய நம்பிக்கையை இங்கிலீஷ்காரர்களே உடைத்திருக்கிறார்கள். பர்மிங்ஹாம் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஆலன் ராஸ் 1954ல் பின்லாந்து தேசத்து ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். மறு வருஷம் நாவலாசிரியை நான்ஸி மிட்ஃபோர்டு அதை எடுத்து 'என்கவுன்டர்' பத்திரிகையில் எழுத, இங்கிலாந்து முழுவதும் ஒரே அமளி. விஷயம் இதுதான். பிரபு வம்சத்தார் சாதாரணச் சொல்லைச் சொல்கிறார்கள். அவர்களைப்போல் ஆக ஆசைப்படுகிற மத்தியதர வர்க்கத்தார் நாசூக்கான சொல்லைச் சொல்கிறார்கள். சீமாட்டி நாப்கின் என்பாள், மற்றவள் ஸெர்வியட் என்பாள். இவள் ரிச் என்றால் அவள் வெல்த்தி. பிரபு செத்துப்போகிறார், குமாஸ்தா 'மறுமை எய்துகிறார்'. மிட்ஃபோர்டு பாதி விளையாட்டாகத்தான் எழுதினார். ஆனாலும் எத்தனையோ இங்கிலீஷ்காரர்கள் வீட்டில் தாங்கள் சொல்லும் வார்த்தைகளை ரகசியமாகச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம்மூர் உத்தியோகஸ்தர் 'என் ரெஸிடென்ஸுக்கு வாருங்கள்' என்று சொல்லும்போது எந்த வரிசையில் நிற்கிறார் என்று நான் சொல்லப்போவதில்லை.

உட்ஹவுஸின் கதைகளில் ஜீவ்ஸ் ஏன் அவ்வளவு சிரிக்க வைக்கிறான் என்பதும் இதற்குள் இருக்கிறது. எஜமானன் பெர்ட்டி ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தவன். பேசுவது அத்தனையும் துண்டு துக்காணிக் கொச்சை. வேலைக்காரன் ஜீவ்ஸ் ஸ்பினோஸா படிக்கிறவன். ஒரு தலைப்பாகைத் துணியைப்போல் நீளமான, மடிப்புக் கலையாத வாக்கியம் பேசுகிறவன். சொல்லின் உயரமும் ஆளின் உயரமும் இடம் மாறி நிற்கின்றன. இது காதில் விழாதவர் கதையின் சம்பவங்களுக்கு மட்டும் சிரிக்க வேண்டும். சம்பவத்தில் சிரிப்பு பாதிதான்.

அப்படியானால் அபூர்வச் சொல்லே ஆகாதா? ஜார்ஜ் ஆர்வெல் 1946ல் சட்டமே போட்டார்: சின்னச் சொல் போதுமான இடத்தில் பெரிய சொல் கூடாது என்று. அரசியல்வாதிகளுக்கும் தலையங்கம் எழுதுகிறவர்களுக்கும் நல்ல சட்டம். கதை எழுதுகிறவனுக்கு அவ்வளவு உதவாது, ஏனென்றால் 'போதுமா' என்பதுதான் அவனுடைய கேள்வியே. 1947ல் ஃபாக்னர், அகராதியைப் புரட்ட வைக்கும் சொல் ஒன்றைக்கூட ஹெமிங்வே எழுதியதில்லை என்று சொல்லிவிட்டார். ஹெமிங்வேக்குக் கோபம், விலையுயர்ந்த சொற்கள் எனக்கும் தெரியும், அவற்றைவிடப் பழைய எளிய சொற்களே மேல் என்ற கருத்தில் பதில் சொன்னார். இந்தச் சண்டையில் நான் யார் பக்கமும் இல்லை. 1952ல் வந்த 'கிழவனும் கடலும்' கதையை எடுத்துப் பாருங்கள். எளிமைக்கு உதாரணமாக எல்லோரும் காட்டுகிற புத்தகம். முதல் பக்கத்திலேயே ஒரு ஸ்பானிஷ் சொல் வருகிறது. பிறகு பெரிய மீனைக் குத்தி இழுக்கும் கொக்கித் தடிக்கு ஒரு சொல், துடுப்பைத் தாங்குகிற முளைகளுக்கு ஒரு சொல், சுறாவில் ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு சொல். கரையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இவை அபூர்வம். கிழவனுக்குத் தினப்படி.

அபூர்வச் சொற்களில் இப்படி ஒரு ஜாதி உண்டு. சொல் அபூர்வமல்ல, நாம்தான் அந்தப் பக்கம் போனதில்லை. கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுப் பேச்சுக்கென்று தனி அகராதியே தொகுத்தார். அதில் உள்ளவை அந்த ஊர் ஆடு மேய்ப்பவனுக்கு அகராதி வேண்டாத சொற்கள். மற்றொரு ஜாதி, ஒன்றையும் காட்டாமல் வியக்க மட்டும் வைப்பது. கான்ராட் நல்ல நாவலாசிரியர். கப்பல் விஷயம் எழுதும்போது அவர் சொல்லில் பிசிறே இருக்காது. ஆனால் 'இருளின் இதயம்' கதையில் காட்டைக் கண்டதும், அறியவொண்ணாதது, சொல்லவொண்ணாதது என்ற ரகத்து அடைமொழிகளைத் திரும்பத் திரும்பக் கொட்டுகிறார். விமரிசகர் லீவிஸ் 1948ல் இதைக் கண்டித்தார். லீவிஸோடு எனக்குப் பல விஷயங்களில் ஒத்துப்போகாது, இதில் ஒத்துப்போகிறது. பயங்கரத்தைக் காட்ட முடியாத இடத்தில் பயங்கரம் என்று எழுதினால் காடு தெரிவதில்லை, கான்ராடின் சிரமந்தான் தெரிகிறது.

சாதாரணச் சொல்லுக்கும் ஒரு வியாதி உண்டு, அது தேய்ந்துபோவது. காய்ந்த பூமியில் முதல் மழை விழுந்ததும் எழும் வாசனைக்கு இங்கிலீஷில் வெகுநாள் வரை ஒரு தனிச் சொல் இல்லை. 1964ல் இஸபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் அதற்குப் 'பெட்ரிக்கோர்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் பெட்ரா என்றால் பாறை. ஈக்கோர் என்றால் தேவர்களின் நாளங்களில் ஓடும் திரவம். அழகான கற்பனைதான். உத்தரப் பிரதேசத்தில் அந்த வாசனையைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தராக விற்கிறார்கள் என்பதையும் அவர்கள் அறிந்து எழுதியிருந்தார்கள். கன்னோசி ஊர்க்காரர்களின் பழைய தொழில் அது. இப்போது இந்தச் சொல் இங்கிலீஷ் கதைகளில் தாராளமாகப் புழங்குகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மழை வாசனை வருவதில்லை. சோதனைச்சாலைக் கண்ணாடிக் குப்பிதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் நாம் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ளவும் முடியாது. நம்மிடம் மண்வாசனை என்ற அருமையான சொல், குழந்தைக்கும் தெரிந்த சொல், இருந்தது. அதை எடுத்து ஊர்ப் பேச்சில் எழுதிய ஒவ்வொரு கதைக்கும் மதிப்புரையில் ஒட்டி ஒட்டி, இன்று 'மண்வாசனை' என்றால் ஒரு மாதிரி இலக்கியம் என்று ஆகிவிட்டது. நிஜமான மழை பெய்து நிஜமான மண் மணக்கும்போது எழுதுகிறவன் வேறு சொல் தேட வேண்டியிருக்கிறது.

தேய்ந்த சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் அபூர்வச் சொல்லை வைத்து அதற்கு உயிர் கொடுக்க முடியும் என்பதற்கு ஷேக்ஸ்பியர்தான் சாட்சி. மக்பெத் அரசனைக் கொன்றுவிட்டு வந்து தன் கையைப் பார்க்கிறான். கடல் இந்த ரத்தத்தைக் கழுவாது, இந்தக் கைதான் கடலை மாற்றிவிடும் என்று அவனுக்குத் தோன்றுகிறது. அங்கே ஷேக்ஸ்பியர் 'இன்கார்னடைன்' என்ற சொல்லைப் போடுகிறார். மாமிசத்தின் இளஞ்சிவப்பைக் குறித்த சொல். வேர்ச் சொல்லுக்குச் சதை என்று பொருள். நாடகக் கொட்டகையில் காசு கொடுத்து நின்று பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது புரிந்திருக்கும்? புரியாதது ஒரு குறையல்ல. உருண்டு வருகிற அந்தச் சத்தமே அலையாக அடிக்கிறது. அடுத்த வரியிலேயே பச்சை, சிவப்பு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த ஓரசைச் சொற்கள். முதல் சொல் கேட்டவனைத் திடுக்கிட வைக்கிறது, இரண்டாவது அவன் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. தினம் சொல்லிச் சொல்லி வெளுத்துப்போன 'சிவப்பு' அங்கே ரத்தமாக நிற்கிறது. இதற்கு அப்புறம் இங்கிலீஷில் இன்கார்னடைன் என்றாலே ரத்தச் சிவப்பு என்றாகிவிட்டது. இளஞ்சிவப்பு மறந்தே போயிற்று.

தமிழில் இரண்டுக்கும் சிவப்பு என்று போட்டால் அலை அடிக்காது. செந்நிறம் என்றால் செய்யுள் மாதிரி ஒலிக்கிறது. குருதி என்று ஆரம்பித்தால் பரணிக்குள் போய்விடுகிறோம். அருணம் விடியற்காலையைக் கொண்டுவந்துவிடும், அந்த வீட்டில் அன்று விடியக் கூடாது. இரண்டாவது சொல்லில் எனக்குச் சந்தேகமே இல்லை, வெறும் 'சிவப்பு'தான். முதலாவதற்குத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.